தபாலில் போன ரத்தப் பொட்டு

பிறந்து இரண்டு மூன்று நாளான குழந்தையின் குதிகாலில் நர்ஸ் ஒரு குத்து குத்தி, தடித்த தாளிலுள்ள வட்டங்களில் ரத்தத்தை ஒற்றுவார். குழந்தை வீரிடும், பாட்டி முறைப்பார். சென்னை அருகே கரையான்சாவடி ஆஸ்பத்திரியில் ஒற்றிய தாளானாலும், காய்ந்ததும் கவரில் போட்டு எந்த ஊர் லேபுக்கும் அனுப்பிவிடலாம். ஐஸ் பெட்டி தேவையில்லை.

பிறவிக் கோளாறுகளைத் தேடும் இந்தச் சோதனையின் கதை ஒரு நாற்றத்தில் தொடங்குகிறது. நார்வேயில் போர்க்னி ஏகலாண்ட் என்ற தாயின் இரு குழந்தைகளுக்கும் மூளை வளரவில்லை. சிறுநீரில் விசித்திர நெடி. பார்த்த டாக்டர்கள் கைவிரித்தார்கள். 1934-இல் டாக்டர் அஸ்பியோர்ன் ஃபோலிங், சர்க்கரை நோயாளிகளுக்குச் செய்வதுபோல அந்தச் சிறுநீரில் ஃபெரிக் குளோரைடை விட்டார். செம்பழுப்பை எதிர்பார்த்தவருக்குப் பச்சை கிடைத்தது. ஃபெனிலலனைன் என்ற அமினோ அமிலத்தை உடைக்க முடியாத பிறவிக் கோளாறு அது.

1950-களில் பர்மிங்காமில் ஹார்ஸ்ட் பிக்கெல் அந்த அமிலம் குறைந்த உணவைக் கொடுத்துப் பலன் கண்டார். ஆனால் மூளை கெடுமுன் ஆரம்பிக்க வேண்டுமே! சிறுநீரோ பல வாரம் கழித்துத்தான் காட்டிக்கொடுக்கும்.

அமெரிக்காவின் பஃபலோவில் புற்றுநோய் ஆய்வுக்காகப் பாக்டீரியா வளர்த்துக்கொண்டிருந்தார் ராபர்ட் கத்ரி. மகனுக்கு மனவளர்ச்சிக் குறை. உறவில் ஒரு பெண்குழந்தைக்கோ ஃபோலிங் கண்ட அதே நோய், தாமதமாகத் தெரிந்தது. ஃபெனிலலனைன் மிகுந்தால் மட்டும் பாக்டீரியா செழிக்கும்படி ஒரு தட்டைத் தயாரித்து, அதில் ரத்தத் தாளின் துணுக்குகளை வைத்தார். 1963-இல் ஆய்வுக் கட்டுரை வெளிவந்தது. காய்ந்த ரத்தத் தாளை 1913 வாக்கிலேயே ஸ்வீடனில் ஈவார் பாங் சர்க்கரை அளக்கப் பயன்படுத்தியிருந்தார். தபாலில் ஊர்சுற்ற வைத்த புண்ணியம் கத்ரிக்கு.

வியாபாரி சும்மா இருப்பாரா? ஆறு டாலரில் கத்ரி தயாரித்த 500 பரிசோதனைக்கான பெட்டிக்கு மைல்ஸ் நிறுவனம் 262 டாலர் கேட்டது. கத்ரியே கொதித்தார், மைல்ஸின் உரிமத்தை அரசு பறித்தது.

அதன்பின் அந்தத் தாளில் ஆளாளுக்கு வேறு நோய் தேடினார்கள். 1970-களில் கியூபெக்கில் ழான் துசோ தைராய்டு குறைபாட்டைத் தேடினார். 1990-களில் டியூக் பல்கலைக்கழகத்தின் டேவிட் மில்லிங்டன் குழு ஒரே பொட்டில் பல கோளாறுகளைப் பார்க்கும் நிறைமாலை (மாஸ் ஸ்பெக்ட்ரோமெட்ரி) முறையைக் கொண்டுவந்தது.

இந்தியாவில் 1980-இல் இந்தச் சோதனையில் கர்நாடகம் முந்திக்கொண்டது. சுமார் 1,25,000 குழந்தைகளைச் சோதித்தார்கள். பிறகு இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில் (ஐ.சி.எம்.ஆர்.) ஐந்து நகரங்களில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளைப் பார்த்தபோது, அட்ரினல் சுரப்பியின் பிறவிக் கோளாறு மொத்தத்தில் 5,762-க்கு ஒன்று. சென்னையில் 2,036-க்கு ஒன்று. பெற்றோர் இருவரிடமிருந்தும் பழுதான மரபணு வந்தால்தான் இந்த நோய் வரும்; சொந்தத்தில் திருமணம் என்றால் அதற்கு வாய்ப்பு கூடும். டாக்டர்கள் இங்கே முதலில், ‘சொந்தத்துல கட்டினீங்களா?’ என்று கேட்பது அதனால்தான்.