கீறல் விழுந்த ரிக்கார்டு

பேசியதையே திரும்பத் திரும்பப் பேசுகிறவரை ‘கீறல் விழுந்த ரிக்கார்டு’ என்று சொல்வது நம் தலைமுறை வழக்கம். ஊசி ஒரே இடத்தில் மாட்டிக்கொண்டு பாட்டின் அரை வரியைச் சுற்றிச் சுற்றிப் பாடுவதைக் காதால் கேட்டவர்கள் நாம். கல்யாண வரவேற்புகளில் டி.ஜே. வைத்துப் பிள்ளைகள் ஆடும்போது நம் வயதுக்காரர்கள் முணுமுணுப்பதும் ஏறக்குறைய அதுதான். ஒன்று, வந்ததே வருகிறது. இரண்டு, மனிதர் யாரும் வாசிக்கவில்லை, மெஷின் கத்துகிறது.

இந்த இரண்டு குற்றச்சாட்டுகளையும் வரலாற்றில் வைத்துப் பார்க்கலாம் என்று தோன்றியது. எலக்ட்ரானிக் நடன இசையின் வேர்களில் ஒன்று பிரான்சில் இருக்கிறது. பிரெஞ்சு மீடியத்தில் படித்தவன் என்பதால் அந்தப் பக்கத்துக் கதையை மட்டும் சொல்கிறேன்.

கதை ஓர் அரசு அலுவலகத்தில் தொடங்குகிறது. பியேர் ஷேஃபர் பாரீசின் எக்கோல் பொலிதெக்னிக்கில் படித்த பொறியாளர். பிரெஞ்சு அரசு வானொலியில் வேலை, நம்மைப் போல மாதச் சம்பளக்காரர். 1948இல் ஒலிப்பதிவுக் கருவியோடு பாத்தின்யோல் ரயில் நிலையத்துக்குப் போய் எஞ்சின் சத்தத்தையும் விசில் சத்தத்தையும் பதிவுசெய்தார். அவற்றை வெட்டிக் கோத்து மூன்று நிமிடத்துக்கும் குறைவான ஓர் இசைத்துண்டு தயாரித்தார். அந்த ஆண்டு அக்டோபரில் அது வானொலியில் ஒலித்தது.

அப்போது அவர் கையில் டேப் கிடையாது, இசைத்தட்டுதான். தட்டின் பள்ளம் சுருளாக உள்ளே போகாமல், தொடங்கிய இடத்திலேயே வந்து முடியும்படி அதை வெட்டினார். ‘மூடிய பள்ளம்’ என்று அதற்குப் பெயர். ஊசி அதில் மாட்டிக்கொண்டால் ஒரே துண்டு ஓயாமல் சுற்றிக்கொண்டிருக்கும். நாம் கோளாறு என்று நினைத்த கீறல் விழுந்த ரிக்கார்டை அவர் வேண்டுமென்றே செய்தார் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு சத்தத்தைப் பத்து முறை கேட்டால் அது எதன் சத்தம் என்பது மறந்துபோய், அதன் தாளமும் நிறமும் மட்டும் காதில் நிற்கும். இன்று ‘லூப்’ என்கிறார்களே, அதற்கு இது பெரியப்பா.

ஷேஃபரிடம் சேர்ந்த பியேர் ஆன்ரி என்ற இளைஞர் இதை ஆட்டத்தோடு இணைத்தார். 1967இல் மொரீஸ் பெழாரின் பாலே ஒன்றுக்காக, மிஷேல் கொலொம்பியேயுடன் சேர்ந்து ‘சிஷே ராக்’ என்ற துண்டை உருவாக்கினார். கித்தாரும் டிரம்ஸும் ஒரு பக்கம், எலக்ட்ரானிக் கீச்சொலிகள் மறுபக்கம். முப்பது ஆண்டு கழித்து ஃபேட்பாய் ஸ்லிம் என்ற ஆங்கில டி.ஜே. அதை ரீமிக்ஸ் செய்தார். வானொலி ஆய்வுக்கூடத்துச் சரக்கு நடனக்கூடத்துக்கு வந்தது இப்படித்தான்.

‘டிஸ்கோ’ என்ற சொல்லே பிரெஞ்சிலிருந்து வந்தது. புத்தகம் வைத்திருக்கும் இடம் பிபிலியோதேக், இசைத்தட்டு வைத்திருக்கும் இடம் திஸ்கோதேக். ஏதோ நூலகக் கிளை மாதிரி இருந்த சொல், வாத்தியக் குழு வைக்காமல் இசைத்தட்டு போட்டு ஆடவிடும் விடுதிக்குப் பெயராகிவிட்டது.

அடுத்தவர் ழான்-மிஷேல் ழார். ஷேஃபர் வானொலியில் நிறுவிய ஆய்வுக் குழுவில் இளம் வயதில் பயின்றவர். இவருடைய அப்பாவின் இசையை நம்மில் பலர் தியேட்டரில் கேட்டிருக்கிறோம். ‘லாரன்ஸ் ஆஃப் அரேபியா’, ‘டாக்டர் ஷிவாகோ’, ‘எ பாசேஜ் டு இந்தியா’ மூன்றுக்கும் இசையமைத்த மொரீஸ் ழார்தான் அவர். மகன் தன் வீட்டிலேயே சிந்தசைசர்களை வைத்துப் பதிவுசெய்த ‘ஒக்ஸிழேன்’ தட்டைப் பல நிறுவனங்கள் வேண்டாம் என்றன. பாடகர் இல்லை, பாட்டுக்குத் தலைப்புகூட இல்லை, ஒன்று, இரண்டு என்று எண் மட்டும். கடைசியில் 1976இல் ஒரு சிறிய நிறுவனம் வெளியிட, நான்காம் பகுதி உலகமெங்கும் ஒலித்தது. 1979 ஜூலை 14 அன்று பாரீசின் பிளாஸ் தெ லா கோன்கோர்த் சதுக்கத்தில் அவர் வாசித்தபோது பத்து லட்சம் பேர் கூடினார்கள்.

இதே காலத்தில் ஜெர்மனியின் மூனிக்கில் ஒரு பாட்டு பிறந்தது. இத்தாலியரான ஜோர்ஜோ மொரோடெரும் ஆங்கிலேயரான பீட் பெலோட்டும் அமெரிக்கப் பாடகி டோனா சம்மருக்காக 1977இல் செய்த ‘ஐ ஃபீல் லவ்’. அந்தப் பாட்டில் குரலைத் தவிர மற்றதெல்லாம் மூக் சிந்தசைசர் என்றுதான் சொல்வார்கள். ஆனால் அந்த மெஷின் சூடேறிச் சுருதி விலகிக்கொண்டே இருந்தது. அதனால் கொஞ்சம் பதிவுசெய்வது, நிறுத்திச் சுருதி சேர்ப்பது, மறுபடி கொஞ்சம் பதிவுசெய்வது என்று துண்டு துண்டாகத்தான் வேலை நடந்தது. பெரிய டிரம்மின் அழுத்தமான ‘தம்’ மூக்கில் சரியாக வரவில்லை. கீத் ஃபோர்சி என்ற டிரம்ஸ் கலைஞர் உட்கார்ந்து, பாட்டு முழுவதும் அந்த ஒரே அடியைக் காலால் மிதித்துக் கொடுத்தார். மெஷின் இசைக்கு முன்னுதாரணம் என்று கொண்டாடப்படும் பாட்டின் இதயத்துடிப்பு ஒரு மனிதனின் கால்.

இந்த இசை இந்தியாவுக்கு வந்த வழிகளில் ஒன்றை நீங்களும் அறிவீர்கள். டானியேல் வான்கார்த் என்ற பிரெஞ்சுக்காரர், ழான் க்ளூகெர் என்பவரோடு சேர்ந்து ஒத்தவான் குழுவுக்குப் பாட்டுகள் எழுதினார். 1979இல் வந்த ‘டி.ஐ.எஸ்.சி.ஓ.’ அவற்றில் ஒன்று. அடுத்த ஆண்டு அதே குழு பாடிய ‘தெ ஒகே’ என்ற பாட்டின் மெட்டு, 1982இல் மிதுன் சக்ரவர்த்தியின் ‘டிஸ்கோ டான்சர்’ படத்தில் ‘ஜிம்மி ஜிம்மி’ ஆனது. ஊர் ஊராக ஒலிபெருக்கியில் கேட்ட அந்தப் பாட்டின் தாய்வீடு பாரீஸ்.

இரண்டாவது குற்றச்சாட்டு வெறும் முணுமுணுப்பு அல்ல. அதே 1982இல் பிரிட்டனில் இசைக்கலைஞர் சங்கத்தின் லண்டன் கிளை, சிந்தசைசருக்குத் தடை வேண்டும் என்று தீர்மானமே போட்டது. வயலின்காரர் பத்துப் பேர் செய்கிற வேலையை ஒரு விசைப்பலகை செய்தால் அந்தப் பத்துப் பேரின் அடுப்பு எப்படி எரியும்? சங்கத் தலைமை தீர்மானத்தை ஏற்கவில்லை. ஆனால் பயம் நியாயமானது. அலுவலகங்களில் கணினி வந்தபோது தட்டச்சர்களின் முகத்தைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. வேலை இழந்தவர்கள் உண்டு. வரலாறு எழுதும்போது அவர்களை விட்டுவிடக் கூடாது.

வான்கார்தின் மகன் தோமா பாங்கால்தெர். பள்ளித் தோழன் கீ-மானுவேலோடு ஆரம்பித்த ராக் குழுவை ஓர் ஆங்கிலப் பத்திரிகை கிறுக்குத்தனமான குப்பை என்று ஏளனம் செய்தது. அந்த வசவுச் சொல்லையே பெயராக எடுத்துக்கொண்டு டாஃப்ட் பங்க் ஆனார்கள். 1997இல் வந்த முதல் ஆல்பத்தின் பெயர் ‘ஹோம்வொர்க்’, வீட்டுப்பாடம். படுக்கையறையில் செய்ததால் பொருத்தமான பெயர். அதிலுள்ள ‘அரவுண்ட் தி வேர்ல்ட்’ பாட்டில் அந்த மூன்று சொற்களைத் தவிர வேறு சொல் இல்லை. 144 முறை வருகிறது என்று ரசிகர்கள் எண்ணி வைத்திருக்கிறார்கள். ஷேஃபரின் மூடிய பள்ளம் நினைவுக்கு வருகிறதல்லவா?

அதே ஆல்பத்தில் ‘டீச்சர்ஸ்’ என்று ஒரு பாட்டு. தாங்கள் யாரிடமிருந்து கற்றோம் என்று பெயர் பெயராகச் சொல்கிறார்கள். சிகாகோவிலும் டெட்ராய்ட்டிலும் 1980களில் மலிவு விலை டிரம் மெஷின்களை வைத்து இந்த நடன இசையை வளர்த்த கறுப்பினக் கலைஞர்கள் பலர் அந்தப் பட்டியலில் உண்டு. நம் வித்வான்கள் குருவை நினைத்துக்கொண்டு கச்சேரி தொடங்குவதைப் போலத்தான். 2013இல் இன்னும் ஒரு படி போனார்கள். மொரோடெரையே கூப்பிட்டு மைக் முன் உட்காரவைத்து, தன் வாழ்க்கையைச் சொந்தக் குரலில் சொல்லவைத்து அதைப் பாட்டாக்கினார்கள். ரோபோ முகமூடி போட்ட அந்த இருவர், அந்த ஆல்பத்தில் பெரும்பாலும் கித்தார், டிரம்ஸ் வாசிக்கும் மனிதர்களையே அழைத்துப் பதிவுசெய்தார்கள். 2014இல் ஆண்டின் சிறந்த ஆல்பத்துக்கான கிராமி விருது அதற்குத்தான்.

2017 ஜூலை 14. நம் ஊர்ப் பெரியவர்கள் மறக்காத தேதி. பாரீசில் அணிவகுப்பு கோன்கோர்த் சதுக்கத்தை அடைந்தது. அதிபர் மக்ரோனும் விருந்தினராக வந்த டிரம்ப்பும் மேடையில் அமர்ந்திருக்க, பிரெஞ்சு ராணுவ பேண்டு வாத்தியக்காரர்கள் டாஃப்ட் பங்க் பாட்டுகளை வாசித்தார்கள். சிந்தசைசர் இல்லை. பித்தளைக் குழல்கள், பறைகள், சீருடை போட்ட அரசு ஊழியர்கள். அந்த வீடியோ யூடியூபில் கிடைக்கிறது. பேரப்பிள்ளைகளைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு ஒரு முறை பாருங்கள்.