மனிதத் தேவைகளும் ஊக்கமும்

ஊக்கம் என்றால் என்ன?
ஒரு செயலைத் தொடங்கவும் இடையில் கைவிடாமல் தொடரவும் மனிதரைத் தூண்டும் உளவியல் ஆற்றல் ஊக்கம் எனப்படுகிறது. மருந்துகளை நாள்தோறும் தவறாது உட்கொள்வது, புகைப்பழக்கத்தை விடுவது, உடற்பயிற்சியைத் தொடர்வது ஆகியவை இதனைப் பெரிதும் சார்ந்துள்ளன.

மாஸ்லோவின் தேவைப் படிநிலை
அமெரிக்க உளவியலாளர் ஆபிரகாம் மாஸ்லோ 1943ஆம் ஆண்டில் வெளியிட்ட கட்டுரையில் மனிதத் தேவைகளை ஐந்தாக வகுத்தார். அவையாவன:
• உணவு, நீர், உறக்கம் போன்ற உடல்சார் தேவைகள்
• பாதுகாப்பு
• அன்பும் உறவும்
• மதிப்பு
• தன் ஆற்றலை முழுமையாக வெளிப்படுத்துதல்

அடிப்படைத் தேவைகள் ஓரளவு நிறைவேறிய பின்னரே அடுத்த நிலைத் தேவைகள் மேலோங்கும் என்பது அவரது கருத்து. எனினும், இவ்வரிசை அனைவருக்கும் மாறாத ஒன்றன்று என்பதையும் அவரே சுட்டிக்காட்டியுள்ளார்.

சுயநிர்ணயக் கோட்பாடு
எட்வர்ட் டெசி 1971இல் வெளியிட்ட ஆய்வில், புதிர்களை விரும்பித் தீர்த்த மாணவர்கள் சிலருக்குப் பணம் வழங்கப்பட்டது. பணம் நிறுத்தப்பட்ட பின்னர், ஓய்வு நேரத்தில் அப்புதிர்களில் அவர்கள் காட்டிய ஆர்வம் குறைந்தது. பாராட்டுச் சொற்களோ ஆர்வத்தைக் குறைக்கவில்லை. பின்னர் டெசியும் ரிச்சர்ட் ரயனும் உருவாக்கிய இக்கோட்பாடு, மூன்று உளவியல் தேவைகளை முன்வைக்கிறது: தானே முடிவெடுக்கும் உரிமை, தன்னால் இயலும் என்னும் உணர்வு, பிறருடன் பிணைப்பு.

சிகிச்சையில் இதன் பயன் யாது?
அச்சுறுத்தலாலும் கண்டிப்பாலும் ஏற்படும் மாற்றம் பெரும்பாலும் நீடிப்பதில்லை. நீரிழிவு உள்ள ஒருவரிடம் "இனிப்பைத் தொடாதீர்கள்" எனக் கட்டளையிடுவதைக் காட்டிலும், உணவில் எம்மாற்றத்தை முதலில் செய்ய இயலும் என அவரையே தேர்ந்தெடுக்கச் செய்வது நல்லது. சிறிய முன்னேற்றத்தையும் குடும்பத்தினர் பாராட்டுதல் வேண்டும். வறுமை, உறக்கமின்மை, பாதுகாப்பற்ற சூழல் ஆகியவற்றால் ஒருவர் சிகிச்சையைத் தொடர இயலாதபோது, அவரை மனவுறுதியற்றவர் எனப் பழிப்பது முறையன்று. அத்தடைகளை நீக்க உதவுவதே தேவை.

மருத்துவரை எப்போது அணுக வேண்டும்?
ஊக்கமின்மை எப்போதும் சோம்பல் ஆகாது. முன்பு விரும்பிய செயல்களிலும் நாட்டமின்மை, தொடர்ந்த சோர்வு, உறக்கத்திலோ பசியிலோ மாற்றம் ஆகியவை இரண்டு வாரங்களுக்கு மேல் நீடித்தால், அது மனச்சோர்வு நோயின் அறிகுறியாக இருக்கலாம். இந்நோய்க்குச் சிகிச்சை உண்டு. அருகிலுள்ள அரசு மருத்துவமனையை அணுகவும். இந்தியாவில் 14416 என்ற டெலி மானஸ் இலவச எண்ணில் 24 மணி நேரமும் மனநல ஆலோசனை பெறலாம். தற்கொலை எண்ணம் தோன்றினால் சிறிதும் தாமதிக்காமல் உதவியை நாடவும்.