கெல்லி மாளிகையும் மாரியம்மன் கோவிலும்

பழங்கட்டடங்கள் இடிந்து மறைவதும் உண்டு. பண்பாட்டு நிலையங்களாய் மறுவாழ்வு பெறுவதும் உண்டு. ஈப்போவில் ஈய வணிகர் ஒருவர் 1926-இல் கட்டிய மாளிகை 1992-இல் டாருல் ரிட்சுவான் அரும்பொருளகமாயிற்று. 1893-இல் தோன்றிய ஹக்கா சுரங்க முதலாளிகளின் மன்றமனை 2015-இல் காட்சியகமாயிற்று.

பத்து காஜாவுக்கு அருகே, கிந்தா கெல்லாஸ் ரப்பர்த் தோட்டத்தில், ஸ்காட்லாந்தியரான வில்லியம் கெல்லி சுமித் 1915-இல் தொடங்கிய மாளிகையோ முற்றுப்பெறவேயில்லை. அதனை எழுப்பியோர் தமிழகத்திலிருந்து வந்த தொழிலாளர்கள். கொள்ளைநோய் ஒன்று அவர்களுட் பலரைக் கொண்டு சென்றது. எஞ்சியோர் வேண்டியபடி அருகில் மாரியம்மன் கோவில் எழுந்தது. சுமித் 1926-இல் லிஸ்பன் நகரில் மறைந்தார். மாளிகைப் பணியும் நின்றது.

இன்று அம்மாளிகை நுழைவுச்சீட்டுப் பெற்றுக் காணும் சுற்றுலாத் தலம். கோவிலிலோ, தெய்வ உருவங்களுக்கிடையே வெள்ளுடையும் தொப்பியும் அணிந்த துரையின் உருவம் நிற்கிறது. தோட்டத்து மக்கள் துரையைத் தம் கோவிலில் நிறுத்தி நினைவுகூர்ந்தனர். செங்கல் சுமந்த அம்மக்களை மாளிகை நினைவுகூர வேண்டாமா?

தோட்டங்கள் துண்டாடப்பட்டு, லயங்கள் மறைந்துவிட்ட இந்நாளில், அவர்தம் உழைப்புக்கு எஞ்சிய சான்றுகள் மிகச் சில. மாளிகை காணச் செல்வோர் கோவிலையும் கண்டு திரும்புக. இரண்டையும் கண்டவரே அவ்வரலாற்றை முழுமையாய்க் கண்டவராவர்.