உழுதவர்களுக்குப் பத்து சென்ட்: கேரள நிலத்தின் வரலாறு

"கேரளாவில் நிலச்சீர்திருத்தம் நடந்துவிட்டது, தமிழ்நாட்டில் மட்டும் ஏன் நடக்கவில்லை?" பயிற்சி வகுப்புகளில் மாணவர்கள் தவறாமல் கேட்கும் கேள்வி இது. கேள்வியின் பின்பாதி நியாயமானது. முன்பாதியில்தான் நாம் கொஞ்சம் நிற்க வேண்டியிருக்கிறது. நிலச்சீர்திருத்தம் நடந்தது உண்மை. அது யாருக்கு நடந்தது?

கேரளம் மொத்தம் 38,863 சதுர கிலோமீட்டர். மேற்கே அரபிக்கடல், கிழக்கே மலைத்தொடர். அங்குள்ள 44 ஆறுகளில் 41 மேற்கு நோக்கி ஓடுகின்றன. கடலோரம், இடைநாடு, மலைநாடு என்று மூன்று அடுக்காக நிலத்தைப் பிரித்துச் சொல்லிவிட்டுப் பாடப்புத்தகம் அடுத்த பாடத்துக்குப் போய்விடும். ஒவ்வொரு அடுக்கிலும் சேற்றில் நின்றது யார், பட்டா யார் பெயரில் இருந்தது என்ற கேள்வி புவியியல் பாடத்தில் வராது.

குட்டநாட்டை எடுத்துக்கொள்வோம். வேம்பநாட்டுக் காயலை ஒட்டிய இந்தப் பகுதியில் கடல் மட்டத்துக்குக் கீழே நெல் விளைகிறது. 2013-இல் ஐ.நா.வின் உணவு, வேளாண் அமைப்பு இதை உலக வேளாண் பாரம்பரியமாக அங்கீகரித்தது. சுற்றுலாப் படகில் போகிறவர்களுக்கு அது பச்சைப் பசேல் என்ற காட்சி. அந்த வயல் தானாக உண்டானதல்ல. காயலுக்குள் தென்னை மரக் கழிகளை வரிசையாக அடித்து இறக்கி, தண்ணீருக்குள் மூழ்கி அடிச்சேற்றைக் கட்டிகட்டியாக வெட்டி எடுத்து, மணலும் தழையும் சேர்த்து வரப்பு எழுப்பினார்கள். பிறகு காலால் மிதிக்கும் சக்கரங்களை இரவு பகலாகச் சுழற்றி உள்ளே இருந்த நீரை வெளியேற்றினார்கள். இயந்திரங்கள் பின்னால்தான் வந்தன. இந்த வேலையில் மூழ்கியவர்களும் மிதித்தவர்களும் பெரும்பாலும் புலையர், பறையர் மக்கள். உடைந்த வரப்பை அடைக்க உயிரோடு மனிதர்களை உள்ளே தள்ளி மண் போட்டார்கள் என்ற வாய்மொழிக் கதைகள் அந்த மக்களிடம் இன்றும் உண்டு. இப்படி 1940களில் ஜோசப் முரிக்கன் மீட்ட பெரிய காயல் நிலங்களுக்குச் சித்திரா, மார்த்தாண்டம், ராணி என்று பெயர். எல்லாம் அரச குடும்பத்தை நினைவூட்டும் பெயர்கள். மூழ்கியவர்களின் பெயரில் அங்கே ஒரு வயலும் இல்லை.

இந்த உழைப்பு கூலி உழைப்பாக மாறியதே தாமதமாகத்தான். 1836 கணக்கெடுப்பின்படி திருவிதாங்கூரில் மட்டும் ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டோர் அடிமைகள். நிலத்தோடு சேர்த்தும், நிலம் இல்லாமல் தனியாகவும் அவர்களை விற்றார்கள், அடகு வைத்தார்கள், குத்தகைக்கு விட்டார்கள். ஆங்கிலேயர் நேரடியாக ஆண்ட மலபாரில் 1843 சட்டத்துக்குப் பிறகு நீதிமன்றங்கள் அடிமை உரிமையை ஏற்கவில்லை. கொச்சியில் 1854-லும் திருவிதாங்கூரில் 1855-லும் அரசாணை வந்தது. எந்த ஆணையிலும் ஒரு பிடி மண் இல்லை. விடுதலை பெற்றவர் மறுநாள் காலை அதே ஜென்மியின் வயலில்தான் இறங்கியாக வேண்டும்.

இதை நன்றாகப் புரிந்துகொண்டவர் அய்யங்காளி. 1863-இல் வெங்ஙானூரில் பிறந்தவர். 1893-இல் அவர் வில்வண்டி ஏறிப் பொதுச்சாலையில் போனது நம் எல்லோருக்கும் தெரியும். போஸ்டரிலும் அந்தப் படம்தான் இருக்கும். அதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்கு இன்னும் முக்கியமாகப் படுகிறது. 1907-இல் சாது ஜன பரிபாலன சங்கம் தொடங்கினார். புலையர் குழந்தைகளைப் பள்ளியில் சேர்க்காவிட்டால் வயலில் இறங்க மாட்டோம் என்று வேலைநிறுத்தம் நடந்தது. கல்விக்காக நடந்த விவசாயத் தொழிலாளர் வேலைநிறுத்தம்! கூலி உயர்வுக்கு மட்டும்தான் தொழிலாளர் போராடுவார்கள் என்று நினைக்கிற தோழர்கள் இதைக் குறித்துக்கொள்ளலாம். 1911-இல் ஸ்ரீமூலம் பிரஜா சபைக்கு உறுப்பினராக நியமிக்கப்பட்ட பிறகு அவர் வைத்த கோரிக்கைகளில் ஒன்று, அரசுத் தரிசான புதுவல் நிலத்தைத் தம் மக்களுக்குக் கொடுக்க வேண்டும் என்பது. சாலை, பள்ளி, நிலம் மூன்றையும் அவர் சேர்த்தே கேட்டார்.

1956 நவம்பர் 1 அன்று கேரளம் உருவானது. 1957-இல் வந்த இ.எம்.எஸ். அரசு முதலில் செய்த காரியங்களில் ஒன்று, குடியிருப்பவர்களை வெளியேற்றத் தடை விதித்தது. 1959-இல் அந்த அரசு கலைக்கப்பட்டது. 1963-இல் நிறைவேறிய நிலச்சீர்திருத்தச் சட்டம், 1969 திருத்தத்துக்குப் பிறகு 1970 ஜனவரி 1 முதல் முழு வேகத்தில் நடைமுறைக்கு வந்தது. ஜென்மி முறை ஒழிந்தது. சாதாரண சாதனை அல்ல.

ஆனால் சட்டம் யாரை உழுபவர் என்று எண்ணியது? குத்தகைதாரரை. ஜென்மியிடம் நிலத்தைக் குத்தகைக்கு எடுக்கும் இடத்தில் நாயர், சிரியன் கிறித்தவர், ஈழவர், முஸ்லிம் குடும்பங்கள் இருந்தன. சாதி வழக்கப்படி தலித்துகளுக்குப் பெரும்பாலும் குத்தகையே கிடைக்காது. அவர்கள் குத்தகைதாரரின் வயலில் உழுதவர்கள். ஆகவே நிலம் குத்தகைதாரருக்குப் போனது. உழுதவருக்குக் கிடைத்தது குடிகிடப்பு உரிமை: பஞ்சாயத்தில் 10 சென்ட் வரை, நகராட்சியில் 5, மாநகரில் 3. இந்தப் பத்து சென்ட்டை நான் கேலி செய்யவில்லை. "இறங்கிப் போடா" என்று சொல்லும் அதிகாரத்தை ஜென்மியிடமிருந்து அது பிடுங்கியது. அந்தத் துணிவில் பிள்ளைகள் பள்ளிக்குப் போனார்கள். ஆனால் அது குடிசை போடும் இடம், விளைநிலம் அல்ல. குட்டநாட்டுக் காயல்களைப் பின்னர் அரசு எடுத்துத் தொழிலாளர்களுக்குச் சிறு துண்டுகளாகக் கொடுத்தது. நீரை வெளியேற்றுவதும் வரப்பைக் காப்பதும் முழுக் காயலுக்கும் சேர்த்துச் செய்ய வேண்டிய வேலை. கையில் முதல் இல்லாதவரிடம் ஒரு துண்டை மட்டும் கொடுத்தால் என்ன ஆகும்?

1972-இல் லட்சம் வீடு திட்டம் வந்தது. ஒரே கூரை, நடுவில் ஒரு சுவர், இரண்டு குடும்பம். பிள்ளைகள் வளர்ந்து பத்து சென்ட் நாலாகப் பிரிந்தது. இறந்தவரைப் புதைக்க இடமில்லாமல் அடுக்களைத் தரையைத் தோண்டிய செய்திகள், 'கேரள மாடல்' என்று உலகமே பாராட்டும் மாநிலத்திலிருந்து வந்தன. வளைகுடாவுக்குப் போகவும் விற்கவோ அடகு வைக்கவோ ஒரு துண்டு நிலம் வேண்டும். அந்தப் பணமும் பெரும்பாலும் நிலம் இருந்தவர் வீட்டுக்கே போனது.

மூன்றாவது அடுக்கான மலைக்கு வருவோம். உச்சவரம்புச் சட்டம் தோட்டங்களுக்கு விலக்கு அளித்தது. தேயிலை, ரப்பர், ஏலம் விளைந்த பெரும் பரப்பு முழுசாகத் தப்பியது. இங்கேதான் நம் கதையும் கலக்கிறது. 1870களின் பிற்பகுதியிலிருந்து வெள்ளையர் திறந்த மூணாறு மலைகளுக்குக் கங்காணிகள் ஆள் பிடித்தது திருநெல்வேலி, மதுரை, ராமநாதபுரம் பகுதிகளில். போனவர்களில் பெரும்பாலோர் தலித்துகள். தலைமுறைகள் கடந்தும் லயத்து வீடு கம்பெனியுடையது, வேலை முடிந்தால் காலி செய்ய வேண்டும். 1950-க்கு முன்பே குடியேறியதற்கு ஆவணம் காட்டாவிட்டால் கேரளத்தில் சாதிச் சான்றிதழும் கிடைக்காது. 2015-இல் பெம்பிளை ஒருமை என்ற பெயரில் அந்தப் பெண்கள் தொழிற்சங்கத் தலைவர்களை ஒதுக்கிவிட்டுச் சாலையில் உட்கார்ந்து 20 சதவீத போனஸை வென்றார்கள். நாள்கூலி 232 ரூபாயிலிருந்து 301 ஆனது. கேட்டது 500. நிலம் அந்தப் பேச்சுவார்த்தையில் முடிவாகவில்லை. 2020 ஆகஸ்ட் 6 இரவு பெட்டிமுடியில் மலை சரிந்தபோது லயங்களோடு 70 பேர் மண்ணுக்குள் போனார்கள்.

செங்கராவைப் பற்றியும் படியுங்கள். 2007 ஆகஸ்டில் பத்தனம்திட்டா மாவட்டத்தில் ஒரு ரப்பர் தோட்டத்துக்குள் ஆயிரக்கணக்கான நிலமற்ற குடும்பங்கள் நுழைந்து குடிசை போட்டன. பெரும்பாலோர் தலித்துகள். ளாஹா கோபாலன் தலைமை தாங்கினார். வெளியேற்ற வந்தால் மரத்தில் தூக்கு மாட்டிக்கொள்வோம் என்று கழுத்தில் கயிற்றோடு நின்றார்கள். அவர்கள் கேட்டது வீட்டுமனை அல்ல, பயிர் செய்ய நிலம். 2009-இல் அரசு ஒப்பந்தம் போட்டது. பலருக்கு ஒதுக்கப்பட்டது தொலைதூர மாவட்டங்களில் இருந்த பாறை நிலம். போய்ப் பார்த்த குடும்பங்களில் பல, பட்டாவைக் கையில் வைத்துக்கொண்டே செங்கராவுக்குத் திரும்பிவந்தன.