மூலிகைச் சேர்மங்களின் நொதியவழி மாற்றம்

மூலிகைச் சேர்மங்களின் நொதியவழி மாற்றம் என்பது மருந்துச் செடிகளிலிருந்து பிரித்தெடுக்கப்படும் இயற்கைச் சேர்மங்களின் மூலக்கூற்று அமைப்பை நொதியங்களைக் கொண்டு மாற்றியமைக்கும் முறையாகும். இதற்குத் தூய நொதியத்தையோ, அந்நொதியத்தைத் தன்னுள் கொண்ட உயிருள்ள நுண்ணுயிரையோ பயன்படுத்தலாம். மைசூரிலுள்ள மைய உணவுத் தொழில்நுட்ப ஆய்வு நிறுவனத்தில் மஞ்சளின் குர்க்குமினுடன் குளுக்கோசை நொதியத்தால் இணைத்து, அதனை நீரில் கரையச் செய்துள்ளனர். தமிழ்நாட்டு உழவர்களோடு நேரடித் தொடர்புடைய எடுத்துக்காட்டு, செங்காந்தள் விதையிலுள்ள கோல்ச்சிசினைத் தயோகோல்ச்சிகோசைடு என்னும் தசைத்தளர்வு மருந்தாக மாற்றுவதாகும்.

செங்காந்தளும் கோல்ச்சிசினும்

தமிழ்நாட்டின் மாநில மலரான செங்காந்தள், கண்வலிக்கிழங்கு என்றும் கலப்பைக் கிழங்கு என்றும் அழைக்கப்படுகிறது. புதுக்கோட்டை மாவட்டத்தின் கோயில் காடுகளிலும் வேலியோரங்களிலும் இது தானாகவே படர்ந்து வளரும். வணிகப் பயிராகத் திருப்பூர், திண்டுக்கல், கரூர், நாகப்பட்டினம் முதலிய மாவட்டங்களில் விளைவிக்கப்படுகிறது. இயற்கையான மகரந்தச் சேர்க்கை போதாமையால், உழவர்கள் காலை வேளைகளில் ஒவ்வொரு பூவாகக் கையால் மகரந்தம் தடவுகின்றனர். இவ்வளவு உழைப்பில் விளையும் விதையில் கோல்ச்சிசின் ஒரு விழுக்காட்டிற்கும் குறைவாகவே உள்ளது. விதையின் பெரும்பகுதி ஏற்றுமதியாவதால், வெளிநாட்டுக் கொள்முதலைப் பொறுத்தே விலை ஏறி இறங்குகிறது. செடியின் எல்லாப் பாகங்களும் நச்சுத்தன்மை கொண்டவை. கிழங்கை உண்டு இறந்தோரும் உண்டு.

கோல்ச்சிசினை 1820 இல் பெல்லெட்டியே, காவெந்து என்னும் பிரெஞ்சு வேதியியலாளர்கள் கோல்ச்சிக்கம் என்ற ஐரோப்பியச் செடியிலிருந்து முதலில் பிரித்தெடுத்தனர். யூரிக் அமிலம் மூட்டுகளில் படிவதால் வரும் வாதத்திற்கு இது இன்றும் மருந்தாகும். மருந்தாகும் அளவுக்கும் நஞ்சாகும் அளவுக்கும் இடைவெளி மிகக் குறைவு.

நொதியத்தின் பங்கு

கோல்ச்சிசின் மூலக்கூறில் 1, 2, 3, 10 ஆகிய எண்ணிட்ட கரிம அணுக்களில் நான்கு மெத்தாக்சி தொகுதிகள் உள்ளன. தயோகோல்ச்சிகோசைடைப் பெற இரண்டு மாற்றங்கள் தேவை. பத்தாம் இடத்தில் மெத்தாக்சிக்குப் பதிலாகக் கந்தகம் கொண்ட தொகுதியை அமர்த்துவது முதலாவது. வழக்கமான வேதிவினையாலேயே இது எளிதில் நடக்கும். இவ்வாறு கிடைப்பது தயோகோல்ச்சிசின். இரண்டாவது மாற்றமே கடினமானது. மூன்றாம் இடத்திலுள்ள மெத்தில் தொகுதியை மட்டும் நீக்கி, அங்கே ஒரு குளுக்கோசை இணைக்க வேண்டும். 1, 2, 3 ஆகிய இடங்கள் ஒரே வளையத்தில் அடுத்தடுத்து அமைந்தவை. வலுவான அமிலம் இவற்றைத் தெளிவாக வேறுபடுத்துவதில்லை; கலவையே மிஞ்சும், பிரித்தெடுப்பதில் இழப்பும் மிகுதி.

பேசில்லசு மெகாதீரியம் என்னும் மண் பாக்டீரியா இவ்வேலையைச் செய்கிறது. (2020 இல் இது பிரீசுடியா என்ற பேரினத்திற்கு மாற்றப்பட்டது, தொழில்துறையில் பழைய பெயரும் வழங்குகிறது.) வளர்ப்பு ஊடகத்தில் தயோகோல்ச்சிசினைச் சேர்த்தால், பாக்டீரியாவின் நொதியங்கள் மூன்றாம் இடத்தைத் தேர்ந்து மெத்திலை நீக்கிக் குளுக்கோசை இணைக்கின்றன. இத்தாலியின் இந்தெனா நிறுவனம் இம்முறைக்குக் காப்புரிமை பெற்றது. மெத்தில் நீக்கத்தை இந்திய ஆய்வுகள் சைட்டோகுரோம் பி450 வகை நொதியத்தோடு தொடர்புபடுத்துகின்றன. இவ்வகை நொதியத்திற்கு ஆக்சிசன் தேவை. எனவே பெரிய கலன்களில் காற்றோட்டம் முக்கியமாகிறது.

விதையில் கோல்ச்சிகோசைடு என்ற சேர்மமும் சிறிதளவு உண்டு. அதில் குளுக்கோசு ஏற்கெனவே மூன்றாம் இடத்தில் இருப்பதால், கந்தகத்தை மட்டும் சேர்த்தாலே போதும்.

பாதுகாப்பு

குளுக்கோசு இணைந்ததால் தயோகோல்ச்சிகோசைடு தீங்கற்றதாகிவிடுவதில்லை. வாய்வழி உட்கொண்டபின் உடலில் குளுக்கோசு பிரிந்து, எம்2 என்று குறிக்கப்படும் வளர்சிதைப் பொருள் உண்டாகிறது. பிரியும் செல்களில் நிறப்புரிகளின் எண்ணிக்கையை இது பிறழச் செய்யக்கூடும். இதனால் ஐரோப்பிய மருந்துகள் முகமை 2013 இல் இம்மருந்தின் பயன்பாட்டைக் கட்டுப்படுத்தப் பரிந்துரைத்தது. அதன்படி 16 வயதிற்குக் குறைந்தோர்க்கும், கருவுற்ற மற்றும் பாலூட்டும் பெண்களுக்கும் இது ஆகாது. மாத்திரையாக 12 மணி நேரத்திற்கு ஒருமுறை 8 மில்லிகிராமுக்கு மிகாமல், 7 நாட்கள் வரை மட்டுமே கொடுக்கலாம். இந்தியாவில் வலிநிவாரணிகளுடன் கலந்த மாத்திரைகளாகவும் இது விற்கப்படுகிறது.