கேட்பவரும் கேட்கப்பட்டதும்: ஹோதோர்ன் நேர்காணல்கள் பற்றிய ஒரு நோக்கு

தொழிலிடப் பண்பாட்டைத் தொழிலாளரின் வாய்மொழி மூலம் அறிய முற்படும் ஆய்வாளன், தான் பெறும் விடைகளிலே தன் சாயலையும் பதித்துவிடுகின்றான். ஐக்கிய அமெரிக்காவின் சிக்காகோ நகரை அடுத்திருந்த ஹோதோர்ன் தொழிற்சாலையின் வரலாறு இதற்குத் தக்க சான்றாகும்.

தொலைபேசிக் கருவிகளை உற்பத்திசெய்த வெஸ்டேர்ன் இலெக்ட்ரிக் கம்பனி 1928 ஆம் ஆண்டு அங்கு நேர்காணல் திட்டமொன்றைத் தொடங்கியது. 1930 வரையில் 20,000க்கு மேற்பட்ட நேர்காணல்கள் நிகழ்ந்தன. ஹாவர்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எல்டன் மேயோ இவ்வாய்வுகளுக்கு ஆலோசனை வழங்கினார். தொடக்கத்தில் மேற்பார்வை, வேலை, வேலைச் சூழல் ஆகியன பற்றி முன்னரே வகுக்கப்பட்ட வினாக்கள் தொடுக்கப்பட்டன. தொழிலாளரோ வினாக்களை விட்டு விலகித் தம் மனத்தை அழுத்தியவற்றையே பேசினர். எது முக்கியமானது என்பதை வினவுபவரே தீர்மானித்துவிடுகின்றார் என்பது இதனாற் புலப்பட்டது. எனவே 1929 இல் முறை மாற்றப்பட்டது. தொழிலாளி விரும்பியதைப் பேச, ஆய்வாளர் பொறுமையுடன் செவிமடுத்தார்.

வினாக்களைக் கைவிட்டதனால் ஆய்வாளரின் செல்வாக்கு அகன்றுவிட்டதா? அன்று. தொழிற்சாலை உணவகத்தின் உணவைக் குறைகூறிய ஒருவர், சில நாட்களின் பின் உணவு திருந்திவிட்டதெனக் கூறி நன்றி தெரிவித்தார். உண்மையில் அங்கு எம்மாற்றமும் செய்யப்பட்டிருக்கவில்லை. செவிமடுத்தமையே அவரது மனநிலையை மாற்றிவிட்டது.

விடைக்குப் பொருள் காணுமிடத்து இச்செல்வாக்கு மேலும் வலுப்பெறுகின்றது. றொத்லிஸ்பேகரும் டிக்சனும் 1939 இல் வெளியிட்ட நூலிலே ஒரு தொழிலாளி தன் கூலிவீதம் போதாதென முறையிடுகின்றான். மேலும் பேசியபோது, மனைவியின் மருத்துவச் செலவு பற்றிய கவலை வெளிப்பட்டது. முறைப்பாடு தனிமனிதக் கவலையின் அறிகுறியாக விளக்கப்பட்டது. இவ்விளக்கம் நுட்பமானதே. ஆயினும் மருத்துவச் செலவைத் தாங்க இயலாத கூலி, போதாத கூலியுமாகும் அன்றோ! கம்பனியின் ஊழியரே செவ்வி கண்டனர் என்பதையும் இவ்விடத்து நினைவிற்கொள்ளல் வேண்டும். கூலி பற்றிய கோரிக்கை மனக்குறையாக மாறுமாயின், நிர்வாகம் கூலியைக் கூட்டவேண்டிய தேவையும் மறைந்துவிடும்.

வினாவிலும் செவிமடுத்தலிலும் விளக்கத்திலும் ஆய்வாளனின் பங்கு உளது. அதனை முற்றாக நீக்குதல் இயலாது, மறைத்தல் தகாது. யார், யாருடைய சார்பில், எத்தகைய உறவில் நின்று கேட்டார் என்பதையும் விடையுடன் சேர்த்துப் பதிவுசெய்தலே நேர்மையான வழியாகும். அவ்வாறு செய்யாவிடின், தொழிலாளியின் குரல் என நாம் படிப்பது அவனைக் கேட்டவரின் குரலாகவே அமைந்துவிடலாம்.