திருக்கோவிலூரில் கிடைக்காத வேலையும், விட்டுப்போன ஒரு எண்ணும்

கள்ளக்குறிச்சின்னா நமக்கெல்லாம் கல்வராயன் மலையும் அருவியும்தான் ஞாபகம் வரும். மலைக்கு எதிர்த்திசையில், அதே மாவட்டத்துல, தென்பெண்ணைக் கரையில் இருக்கு திருக்கோவிலூர். 1910-ல் அங்கே ஒரு இளைஞர் நோட்டுப் புத்தகத்தோட வேலை கேட்டு வந்தார். எஃப்.ஏ. பரீட்சையில் தேறாதவர், கல்யாணமாகி ஒரு வருஷம் ஆகியிருந்தது. பேரு ராமானுஜன்.

பார்க்க வந்தது டெபுடி கலெக்டர் வி. ராமசாமி ஐயரை. 1907-ல் இந்தியக் கணிதக் கழகத்தைத் தொடங்கினவர் அவர்தான். கேட்டது தாலுகா ஆபீஸ் மாதிரி ஏதாவது ஒண்ணுல குமாஸ்தா வேலை. ஐயர் நோட்டைப் புரட்டிப் பார்த்தார், வேலை தரலை! வருவாய்த் துறையோட அடிமட்டத்துல போட்டு இந்தத் திறமையை நசுக்க அவருக்கு மனசில்லை. சென்னையில் இருந்த கணித நண்பர்களுக்குக் கடிதம் கொடுத்து அனுப்பிட்டார். சோத்துக்கு வழி தேடி வந்தவருக்கு அன்னிக்கு எப்படி இருந்திருக்கும்?

அந்த வழி போய் முடிஞ்ச இடம் கேம்பிரிட்ஜ். 1915-ல் லண்டன் கணிதக் கழகத்தின் இதழில் ஒரு நீளமான கட்டுரை. விஷயம் இதுதான்: தனக்குக் கீழே இருக்கிற எல்லா எண்ணையும்விட அதிகக் காரணிகள் உள்ள எண்கள். 12-க்கு ஆறு காரணிகள் (1, 2, 3, 4, 6, 12), அதுக்குக் கீழே எதுக்கும் நாலுக்கு மேல கிடையாது. யுத்த காலம், கழகத்துக்குப் பணமுடை. அதனால கட்டுரையில் ஒரு பகுதி அச்சாகவே இல்லை, அது வெளிவந்தது 1997-ல்! அச்சான பகுதிக்கு 1916-ல் பி.ஏ. பட்டம் கிடைச்சது.

அதில் இப்படிப்பட்ட 102 எண்களைக் கையாலேயே கணக்குப் போட்டு அட்டவணையா கொடுத்திருக்கார். அதில் ஒண்ணே ஒண்ணு விட்டுப்போச்சு: 293318625600. அதாவது 29,331 கோடியே 86 லட்சத்து 25 ஆயிரத்து 600.

பொட்டி தட்டுறவன் சும்மா இருப்பேனா? நிரல் எழுதிப் பார்த்தேன். எல்லா எண்ணையும் சோதிக்க வேண்டாம். இந்த எண்களைப் பகா எண்களாப் பிரிச்சா, 2-ன் அடுக்கு 3-ன் அடுக்கைவிடக் குறையவே குறையாது, 3-ன் அடுக்கு 5-ன் அடுக்கைவிடக் குறையாது, இப்படியே போகும். குறைஞ்சா ரெண்டையும் இடம் மாத்துங்க, அதே அளவு காரணிகளோட சின்ன எண் ஒண்ணு கிடைச்சுடும். விட்டுப்போன எண்ணில் 2 ஆறு தடவை, 3 நாலு தடவை, 5-ம் 7-ம் ரெண்டு தடவை, 11, 13, 17, 19 ஒவ்வொரு தடவை. அடுக்குகளோட ஒண்ணைக் கூட்டிப் பெருக்கினா 7×5×3×3×2×2×2×2 = 5040 காரணிகள். இதுக்கு முன்னால் நிக்கிற எண் 240940299600, காரணிகள் 4800. பின்னால் நிக்கிறது 321253732800, காரணிகள் 5376. நடுவில் இது நழுவிப்போச்சு.

நிரல் ஒரு நொடிகூட எடுத்துக்கலை, பெருமையாத்தான் இருந்தது. அப்புறம் அட்டவணையோட கடைசி எண்ணைப் பார்த்தேன்: 6746328388800, காரணிகள் 10080. சும்மா வகுத்துப் பார்த்தா, விட்டுப்போன அந்த எண்ணை 23-ஆல் பெருக்கினா வர்றது இதேதான் :-)